காலை வண்டியில் போன பீப்பாய்

தங்கம் தீர்ந்து, சுரங்கத்தின் வாயை மூடி, ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதும் நின்றுபோன பிறகு, கோலார் தங்கவயலுக்கு மிச்சமிருந்தது ஒரு ரயில்தான். விடிவதற்கு முன்பே ஊரையே வாரி ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போய், இருட்டிய பிறகு கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகும் ரயில் அது; நடுவில் இருக்கிற பகல் முழுக்க ஊரில், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து கிளம்பும் புழுதியும், வாசலில் கட்டிப்போட்ட ஆடுகளும், எங்கும் போக வேண்டியில்லாத கிழடுகளும்தான் இருப்பார்கள். முப்பது வருஷம் அந்த ரயிலில் போய்வந்த செலஸ்டின், பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்று அந்தக் கிழடுகளில் ஒருவரானார். ஆன வருஷமே அவருடைய மனைவி இமெல்டா இறந்துபோனாள்.

பிள்ளைகள் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் திரும்பிப் போன பிறகு, சுரங்கக்காரர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டின் அந்த வாசற்படியை வேறு கால் எதுவும் தாண்டவில்லை. சாயங்கால ரயில் வந்ததும் செலஸ்டின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார். கூட்டம் கூட்டமாக ஆட்கள் அவர் வீட்டைக் கடந்து போவார்கள். பக்கத்து வீட்டு குளோரி, கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறவள், "நல்லாகீறீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தன் வீட்டுக்குள் போயிருப்பாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை, சோறாக்கித் தின்றுவிட்டு மறுபடி நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டியவள். இமெல்டா இருந்தபோது அவர் ரயிலை விட்டு இறங்கி வந்து வாசலில் நின்றால் உள்ளேயிருந்து "வந்துட்டீங்களா?" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலைக் கேட்டபிறகுதான் அன்றைய நாள் அவர் தோளை விட்டு இறங்கும். இப்போது அதைக் கேட்க ஆளும் இல்லை, கேட்க அவசியமும் இல்லை. எங்கேயும் போகாதவனை யாரும் வந்துவிட்டாயா என்று கேட்பதில்லை.

அதனால் அவர் ஒரு திட்டம் போட்டார். தங்கவயலில் கிறிஸ்துமஸுக்கு எல்லா வீட்டிலும் திராட்சை ஒயின் போடுவார்கள். இமெல்டா மட்டும் ராகி பீர் போடுவாள். ராகியை முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைத்து, வெல்லமும் காய்ந்த கமலா ஆரஞ்சுத் தோலும் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் கலந்து ஜாடியில் துணிகட்டி வைப்பாள். இரண்டு பேருக்கான சின்ன ஜாடிதான். அதையே பெரிய பாத்திரத்தில் போட்டு, பண்டிகையன்று தன் பழைய ரயில்பெட்டிக் கூட்டம் மொத்தத்தையும் வீட்டுக்கு அழைத்தால்? ஒரு கிளாஸ் பீருக்கு இல்லை என்று சொல்லும் ஆளை அந்தப் பெட்டியில் அவர் பார்த்ததில்லை. கிறிஸ்துமஸுக்குள் தன் வாசற்படியை நாலு கால் தாண்ட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. சொல்லக் கூச்சமாக இருந்ததால் தெரிந்தவர்களிடம் பாத்திரம் வேண்டும் என்று மட்டும் சொல்லிவைத்தார்.

அலுமினிய அண்டா புளிப்புக்கு ஆகாது. அவ்வளவு பெரிய எவர்சில்வர் பாத்திரம் தகடு மெல்லிசு, அடி பிடித்துவிடும். "பெங்களூர்ல வீட்லயே பீர் போடுற பசங்கோ காலி பீர் பீப்பாய வாங்கி, மேல் மூடிய வட்டமா அறுத்துட்டு அண்டாவா வெச்சுக்கிறாங்கோண்ணே. கனமான சரக்கு, சென்மத்துக்கும் வரும்," என்றார் முனிரத்தினம், அவரோடு இருபது வருஷம் ரயிலில் சீட்டாடியவர். அப்படித்தான் செலஸ்டின் பெங்களூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த நயீம் பாயின் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்.

கடையின் மூலையில் பீப்பாய்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. செலஸ்டின் ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், நெளிசல் பார்த்தார், வாயில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார், இது எவர்சில்வரா இரும்பா என்று காந்தத்தையும் ஒட்டிப் பார்த்தார். பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு கேள்வி கேட்டிருக்க மாட்டார். ஒன்றே ஒன்றைத்தான் கேட்கவில்லை: இது யாருடையது என்று. தங்கவயல்காரர்கள் அதைக் கேட்பதில்லை. கம்பெனி மூடிய பிறகும் கம்பெனி வீட்டில் குடியிருந்து, கம்பெனித் தகரத்தில் கூரை போட்டு, கம்பெனித் தண்டவாளத்தில் ஆட்டைக் கட்டுகிற ஊர் அது. சொந்தக்காரன் யாரென்று அங்கே யாரும் யாரையும் கேட்டு வழக்கமில்லை. அவர் தேர்ந்தெடுத்த பீப்பாயின் தோளைச் சுற்றி ஒரு பீர் கம்பெனியின் பெயரும், அதன் கீழே 'விற்பனைக்கு அல்ல, காலியானதும் திருப்பி அனுப்பவும்' என்றும் ஆங்கிலத்தில் அச்சுக் குத்தியிருந்தது. அதைச் செலஸ்டின் படித்தார், படித்துவிட்டு மறந்தார்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க," என்றார் நயீம் பாய். "உள்ள காத்து நிக்கும். அத வெளிய எடுக்காம கத்தி வெச்சீங்கன்னா, பீப்பாயும் இருக்காது நீங்களும் இருக்க மாட்டீங்க."

வீட்டுக்குக் கொண்டுவந்து வால்வின் குமிழை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினார். காற்று வரவில்லை. குப்புறக் கவிழ்த்து அழுத்தினார், வெந்நீர் ஊற்றி அழுத்தினார். உள்ளே காற்று இருப்பது தட்டினால் தெரிந்தது, ஆனால் பீப்பாய் அதை விடுவதாக இல்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று இமெல்டாவின் தையல் மிஷின் இருந்த மூலையில் அதை நிறுத்திவிட்டுப் படுத்தார்.

விடியற்காலையில் கதவை யாரோ உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. பார்த்தால் பீப்பாய். படுத்தவாக்கில் கிடந்து, கதவின் அடியில் மெதுவாக மோதிக்கொண்டிருந்தது. செலஸ்டின் கதவைத் திறந்துவிட்டார். அந்த நேரத்தில் ஒருவர் கதவைத் தட்டினால் ரயிலுக்குப் போகிறார் என்றுதான் தங்கவயலில் அர்த்தம், ரயிலுக்குப் போகிறவரை நிறுத்திப் பேசுவது மரியாதை இல்லை. பீப்பாய் படி இறங்கி, டிபன் பையும் மங்கி குல்லாவுமாகப் போய்க்கொண்டிருந்த கூட்டத்தோடு சேர்ந்து உருண்டது. இறக்கமாக இருப்பதால் போகிறது என்று நினைத்துச் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். மாதா கோவில் மேடு வந்தபோது அது மேட்டிலும் ஏறியது, நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொள்வதற்காக நின்றது, அவ்வளவுதான். பிளாட்பாரத்தில் வண்டி வந்ததும் எம்பி ஏறி, செலஸ்டின் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்த அதே பெட்டியில், அவர் ஜன்னலுக்குப் பக்கத்தில், நிமிர்ந்து நின்றது. வண்டி போய்விட்டது. சாயங்காலம் கூட்டத்தோடு கூட்டமாகத் திரும்பி வந்து மூலையில் நின்றுகொண்டது.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

ஊர் முதல் வாரம் அதைப்பற்றிப் பேசியது, இரண்டாம் வாரம் பழகிக்கொண்டது. வேலைக்குப் போகிற பொருள் என்றால் தங்கவயலுக்கு ஒரு மதிப்பு உண்டு. டிக்கெட் பரிசோதகர் வந்தபோது பெட்டியே கூடி விவாதித்தது: தூக்கி ஏற்றினால் சாமான், தானாக ஏறினால் பயணி என்று முடிவாகி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அதற்கு ஒரு சீசன் டிக்கெட் எடுத்து வால்வில் கட்டிவிட்டார்கள். முனிரத்தினமும் கூட்டாளிகளும் அதன் தலையில் துண்டை விரித்துச் சீட்டாடினார்கள். குளோரியும் அவளோடு வேலை செய்கிற பெண்களும் அதன்மேல் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டார்கள். ஊறுகாய் சிந்தினால் முந்தானையால் துடைத்துவிட்டார்கள். சூப்பர்வைசர் திட்டியதை, மாமியார் பேசியதை, மூத்தவள் பரீட்சையில் கோட்டை விட்டதை எல்லாம் அதில் சாய்ந்துகொண்டு அதனிடமே சொன்னார்கள், ஏனென்றால் அது நடுவில் பேசாது. பெரியவர்கள் தெருவில் வழிவிட்டார்கள். மழை நாளில் யாரோ அதற்கு ஒரு பிளாஸ்டிக் சாக்கைப் போர்த்திவிட்டார்கள். வேலை தேடாமல் தூங்குகிற பையன்களைத் தாய்மார்கள், "தோ பாரு, ஒரு பீப்பாய், அதுக்கு வாயில்ல கையில்ல, காலங்காத்தால எந்திரிச்சுப் போவுது!" என்று எழுப்பினார்கள். பங்குச் சாமியார்கூட உழைப்பைப் பற்றிய பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அதைக் குறிப்பிட்டார்.

ஆனால் அது பெங்களூரில் எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "கன்டோன்மென்ட்ல எறங்கும்ணே, ரோட்ட கிராஸ் பண்ணும்," என்றார் முனிரத்தினம். "அப்பால யாருக்குத் தெரியும்? பின்னாலயே போய்ப் பாத்துக்கினு இருந்தா எங்க வேல இன்னா ஆவுறது?"

செலஸ்டினுக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு பாத்திரத்தின்மேல் பொறாமைப்படுவது கேவலம் என்று தெரிந்தும் பொறாமையாக இருந்தது. அவர் வீட்டுப் பீப்பாய், அவர் ஜன்னல், அவருடைய சீட்டாட்டக் கூட்டம். ஊரார் தெருவில் அவரைப் பார்த்தால் இப்போது நிற்கத்தான் செய்தார்கள், ஆனால் கேட்டது, "பீப்பாய் நல்லாகீதாண்ணே? நேத்து சத்தம் ஒரு மாரி இருந்துச்சு," என்று. பகலில் முன்பாவது அவர் தனியாக இருந்தார்; இப்போது மூலையில் ஒரு காலி இடமும் இருந்தது, சாயங்காலம் வரை அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயிலுக்கு அவசியமில்லாத நாள், கோபத்தில் பீப்பாயை வாசலுக்கு உருட்டிவந்து, கிரைண்டரில் பிளேடை மாட்டி, வயரை ஜன்னல் வழியாக இழுத்துப் போட்டார். மூடியைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டார். வட்டம் முடிவதற்குள் குளோரி ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் புருஷன், அவனுக்குப் பின்னால் முனிரத்தினம், கொஞ்ச நேரத்தில் பாதிப் பெட்டி வாசலில் நின்றது.

"இன்னாண்ணே இது, நல்லா வேலைக்குப் போய்க்கினு வந்துக்கினு கீற பொருள!" என்றாள் குளோரி.

"அண்டா வேணும்னுதானே வாங்கினேன்," என்றார் செலஸ்டின்.

"அண்டாதானே? நாங்க எல்லாரும் சேந்து வாங்கித் தரோம். அதுக்காக இத அறுப்பாங்களா?"

வெயிலாக இருந்தது. வாசலில் எவ்வளவு நேரம் நிற்பது? பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள். இமெல்டா போனபிறகு முதல்முறையாக அந்த வீட்டு நாற்காலிகளில் மனிதர்கள் உட்கார்ந்தார்கள்; போதாமல் தரையிலும் உட்கார்ந்தார்கள். குளோரி அவரைக் கேட்காமலேயே அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டாள். சரி, இந்த வாரம் அறுக்கவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று செலஸ்டின் சொன்னார்.

அடுத்த ஞாயிறும் கிரைண்டரை வெளியே எடுத்துவைத்தார். வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறும் வைத்தார், வந்தார்கள், ஒருத்தி பணியாரம்கூடக் கொண்டுவந்தாள். காற்றை வெளியே விடாத பீப்பாயில் கத்தி வைக்க முடியாது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வெல்டராக இருந்த மனுஷன் அதைச் சொல்லாமல் முறைப்பாக உட்கார்ந்திருந்தார். கெஞ்சக் கெஞ்ச மிஞ்சினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு நாடகம் ஆட வந்தது, அதுவும் நன்றாகவே வந்தது.

ஆனால் ஒரே நாடகத்தை எத்தனை நாள் பார்ப்பார்கள்? டிசம்பர் பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கிரைண்டரை வைத்துவிட்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தார். முனிரத்தினம் மட்டும் கறி வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனவர், சைக்கிளை நிறுத்தாமலே, "அண்ணே, நீங்க அறுக்க மாட்டீங்கோ, எங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்துவிட்டுப் போனார். வேறு யாரும் வரவில்லை. செலஸ்டின் வயரைச் சுருட்டினார். பீர் போடுவதென்றால் இந்த வாரமே போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் பண்டிகைக்குள் நுரை கட்டாது. பீப்பாயின் பக்கத்தில் வாசலில் உட்கார்ந்து, "உனக்கு இன்னா வேணும் சொல்லு, குடுத்துர்றேன், அந்தக் காத்த விடு," என்றார்.

மறுநாள் அது கதவைத் தட்டியபோது அவரும் கட்டுச்சோற்றோடு தயாராக இருந்தார். பெட்டியில் அவரைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டு, நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, வழக்கம்போலப் பீப்பாயின் தலையில் சீட்டைப் போட்டார்கள். கன்டோன்மென்டில் அது இறங்கியது, அவரும் இறங்கினார். ரோட்டைக் கடந்தது, அவரும் கடந்தார். எல்லோரும் வேலைக்கு ஓடுகிற நேரத்தில் ஒரு பீப்பாயின் பின்னால் போவதற்கு வேலையில்லாத மனிதன் ஒருவனால்தான் முடியும். பெரிய தெருவெல்லாம் தாண்டி, மரங்கள் அடர்ந்த ஒரு சந்தில், பழைய கருங்கல் தூண் இரண்டுக்கு நடுவில் போட்டிருந்த புதுக் கேட்டின் முன்னால் பீப்பாய் நிமிர்ந்து நின்றது. தூணில் அதன் தோளில் இருந்த அதே கம்பெனிப் பெயர் பாதி உதிர்ந்து தெரிந்தது. கேட்டுக்கு உள்ளே பீர் கம்பெனி இல்லை. மாடி மாடியாக வீடுகள் இருந்தன.

"உங்க பொருளாய்யா?" என்று கேட்டார் வாட்ச்மேன். திருப்பத்தூர்க்காரர். "தெனம் வருது. இங்கயே நிக்குது. சாயந்திரம் ஆனா போயிடுது. நானும் சொல்லிப் பாத்துட்டேன், கம்பெனி மூடி ரொம்ப வருசம் ஆச்சுப்பா, போப்பான்னு. கேக்கணுமே."

"யாராச்சும் வாங்கிக்குவாங்கன்னு பாக்குது போல," என்றார் செலஸ்டின்.

"வாங்கிக்க நான் யாருங்க?"

செலஸ்டின் எதிர்ப்பக்கம் நடைபாதையில் உட்கார்ந்தார். கார்கள் உள்ளே போயின, வெளியே வந்தன. பள்ளிக்கூட வேன் வந்தது. பீப்பாய் நின்றுகொண்டிருந்தது. காலியானதும் திரும்பி வரச் சொன்னார்கள், காலியாகிவிட்டது, வந்துவிட்டது. வாசலில் வந்து நின்றால் உள்ளேயிருந்து ஒருவர் வந்து பார்ப்பார் என்று நம்பிக்கொண்டு, கேட் திறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் இம்மியளவு சாய்ந்து, மூடியதும் மறுபடி நிமிர்ந்தது. மத்தியானம் சோற்றைப் பிரித்தவர் அப்படியே மடித்துவைத்தார். சாயங்காலமானால் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தான் நிற்கிற நிற்பு வெளியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று இத்தனை நாள் அவருக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது, அழுகை வந்தது, நடைபாதையில் உட்கார்ந்தபடியே அழுதார்.

பொழுது சாய்ந்ததும் பீப்பாய் திரும்பிப்போவதற்காகச் சரிந்தது. செலஸ்டின் எழுந்து விறுவிறுவென்று போய், வாட்ச்மேனைத் தாண்டிக் கேட்டுக்கு உள்ளே நுழைந்து, உள்ளேயிருந்து அதைப் பார்த்தவாக்கில் நின்றார்.

"வந்துட்டியா?" என்றார். "வா, உள்ள வா."

பீப்பாய் ஒரு கணம் அசையாமல் கிடந்தது. பிறகு மெதுவாக உருண்டு, இரண்டு தூணுக்கும் நடுவில் கேட்டின் தண்டவாளத்தைத் தாண்டி, அவர் காலடியில் வந்து நிமிர்ந்து நின்றது. அதன் வாயிலிருந்து உஸ்ஸென்று காற்று வந்தது. இவ்வளவு காற்று அதற்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை, வந்துகொண்டே இருந்தது. புளித்த மாவும் பழைய மரமும் கலந்த வாசனை சந்து முழுக்கப் பரவி, மாடி பால்கனிகளில் துணி எடுக்க வந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு நின்றது. செலஸ்டின் தட்டிப் பார்த்தார். வெறும் பாத்திரத்தின் சத்தம் கேட்டது.

இப்போது அறுக்கலாம். ஒரு ஆட்டோ பிடித்தால் ரயிலுக்குக் கொண்டுபோய்விடலாம், ராத்திரிக்குள் மூடியை வெட்டிவிடலாம், இந்த வாரத்துக்குள் ராகி கொதிக்கும், கிறிஸ்துமஸுக்கு வீடு நிறையும். அவர் அதன் விளிம்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வால்விலிருந்த சீசன் டிக்கெட்டை மட்டும் அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எடுத்துக்கிட்டுப் போகலீங்களா?" என்றார் வாட்ச்மேன்.

"இல்லப்பா. அது வீடு வந்து சேந்துடுச்சு. மறுபடி வெளிய தொரத்தக் கூடாது. மழையில நனையாம மட்டும் வெச்சுக்கோ."

சாயங்கால வண்டியில் அவர் தனியாக ஏறியதைப் பெட்டி பார்த்தது. விஷயத்தைச் சொன்னார். முனிரத்தினம் சீட்டுக் கட்டைப் பைக்குள் வைத்தார், பிறகு என்ன நினைத்தாரோ வெளியே எடுத்தார். அவ்வளவு நெரிசலிலும் ஜன்னலோரம் பீப்பாய் நிற்கிற இடம் காலியாகவே இருந்தது. "ஒக்காருங்கண்ணே," என்று யாரோ சொன்னார்கள். செலஸ்டின் அங்கே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து முனிரத்தினம் அவர் முழங்காலில் துண்டை விரித்தார், ஒருத்தி பையை அவர் மடியில் வைத்தாள், குளோரி அவர் தோளில் சாய்ந்தாற்போல நின்றுகொண்டு சூப்பர்வைசரைப் பற்றி ஆரம்பித்தாள். அவர் நடுவில் பேசவில்லை.

ஊரில் இறங்கியதும் எல்லோரும் வழக்கம்போல வேகவேகமாகப் பிரிந்து போனார்கள். செலஸ்டின் தன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். பூட்டியிருந்தது. உள்ளே விளக்கு இல்லை, பண்டிகைக்கு அண்டா இல்லை, மூலையில்கூட இப்போது எதுவும் இல்லை. ஒரு பக்கம் சட்டைப்பையில் சாவி, இன்னொரு பக்கம் பீப்பாயின் சீசன் டிக்கெட். எதையும் எடுக்காமல் அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

பக்கத்தில், தன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டிருந்த குளோரி, சாவியைத் திருகியபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல், யாரும் யாரிடமும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"வந்துட்டீங்களாண்ணே?"

செலஸ்டினின் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு மூச்சு கிளம்பியது. உஸ்ஸென்று, நீளமாக, இமெல்டா போன நாளிலிருந்து உள்ளே நின்றிருந்தது மொத்தமும், வந்துகொண்டே இருந்தது. குளோரி சாவியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அது நீண்டது. அது முடியும்வரை அவள் உள்ளே போகாமல் நின்றாள்.

"வந்துட்டேம்மா," என்றார்.